பொருத்தமற்றதை வெட்டிவிடுக

படிவத்தில் நாலாம் கேள்வி மொழி.
சிங்களம் / தமிழ் / ஆங்கிலம்:
பொருத்தமற்றதை வெட்டிவிடுக.
மூன்றையும் வெட்டினேன்.
இந்தப் படத்தின் முதல் வெட்டு
என் பேனா போட்டதுதான்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்
படிவத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்,
மொழி அங்கே போய் ஒளிந்திருக்கும் என்பது போல.
"அப்ப இது ஊமைப் படமா?"
இல்லை ஐயா. பத்தொன்பது நிமிசம்.
கதைக்கிறாங்க.

குஞ்சன்குளத்தில் எடுத்தது.
வாழைச்சேனைக் கலியாண வீடியோக் கடையின்
வாடகைக் கமெரா,
பட்டியில் இன்னும் யாரோ மாப்பிள்ளையின் ஜிகினா.
ஒலிக்கு றிபாய்தீன், ஓட்டமாவடி.
மைக்குக்குத் தூண்டில் தடி,
காற்று நுழையாமல் ஒரு பிள்ளைத் தொப்பி.
செல்லத்தங்கம் கசுத் தோட்டத்தில் கூலி முடித்து
நாலரைக்குத்தான் வருவாள்.
அதனால்தான் படம் முழுக்கச் சாயந்தர வெளிச்சம்.
அழகியல் என்று யாராவது எழுதினால்
நம்பவேண்டாம்.

அந்த மொழியில் அவளிடம் மிஞ்சியிருந்தது
சடங்குக்குக் கொஞ்சம்,
தேனுக்குப் போகையில் சொல்லக் கொஞ்சம்,
கோபத்துக்கு மட்டும் தாராளம்.
"மத்ததெல்லாம் தமிழிலதான் கா வருது" என்றாள்.
என்னிடம் தமிழைத் தவிர ஒன்றும் இல்லை.
அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்,
எழுதியதை வாசித்துக் காட்டினேன்,
வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம்.
பதினோராம் நிமிடம், நாற்பதாவது செக்கன்:
இன்னதென உறுதிப்படுத்த முடியாத ஒரு சொல்.
அரச திணைக்களம் ஒன்றைக் குறிப்பதாக இருக்கலாம்.
நீக்கவும்.

திரையில் அந்த நேரம்
வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்.
கல்லுக்கு இந்தப் பக்கம் அவள்,
அந்தப் பக்கம் அவளுடைய அப்பன் புதைந்த இடம்.

கடிதத்தோடு பஸ் ஏறிப் போனேன்.
அந்தத் துண்டைப் போடச் சொன்னாள்.
போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்,
இன்னொரு தரம் பார்த்தாள்,
மறுகா சிரிக்கத் தொடங்கினாள்,
இடுப்பில் இருந்த பிள்ளை பயந்து வீரிடும் அளவுக்கு.
"இது நம்மட நாயக் கலைச்சது கா.
கமெராக்குள்ள வரப் பார்த்திச்சு."

அதற்குக் கீழே நான் போட்டிருந்த வரி:
இந்தக் கல்லை யார் நட்டது?
அது என் கேள்வி.
ஆரையும் கேட்காமல்
அவள் வாய்க்குள் நட்டுவைத்தேன்.
திணைக்களமும் அப்படித்தானே செய்தது?

அப்ப கல்லைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவேயில்லையா?
சொன்னேனே, என்றாள்.
எட்டாம் நிமிசம். விறகு கட்டுகையில்.
முகம் தெரியாது, முதுகு மட்டும்.
அடித்தொண்டையில் மூன்று சொல்.
அதற்கு நான் போட்ட கீழ்வரி
"மழை வரும் போல."

சபை அதில் கைவைக்கவில்லை.
மழையை யார் வெட்டுவார்?

மூன்று சொல்லுக்கும் அர்த்தம் சொன்னாள்.
றிபாய்தீன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு
கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இங்கே எழுதமாட்டேன்.
இதையும் ஒருவர் பேனாவோடு வாசிக்கக்கூடும்.

நாயை வெட்டிக் கொடுத்தேன்.
என் கேள்வியும் நாயோடு போயிற்று; போகட்டும்.
மழையைத் திருத்தாமல் விட்டேன்.
சான்றிதழ் வந்தது, முத்திரையோடு.
மொழி: தமிழ்,
என்று யாரோ தட்டச்சில் அடித்திருந்தார்கள்.

குஞ்சன்குளத்தில் வெள்ளைச் சீலை கட்டிக் காட்டினோம்.
ஜெனரேற்றருக்குப் பெற்றோல் காணாமல் இரண்டு தரம் நின்றது.
காட்டு இலாகா அலுவலரும் வந்திருந்தார்,
முன்வரிசைப் பிளாஸ்ரிக் கதிரையில்,
கடலைச் சுருளோடு.
எட்டாம் நிமிசம்
பின்னால் கதைத்துக்கொண்டிருந்த ஆம்பிளைகள்
சட்டென்று நிறுத்தினார்கள்.
ஒருத்தரும் இருமக்கூட இல்லை.

அலுவலர் கீழ்வரியை வாசித்தார்.
மெல்லுவதை நிறுத்தாமல்
வானத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.
பங்குனி.
ஒரு மேகம் இல்லை.